நண்டு வரட்டும்னு இருக்கியாக்கும்!

வா மருமவனே, திண்ணையில உக்காரு. உக்கார முடியலயா? சரி, நின்னுக்கிட்டே கேளு.

சூரியகாந்திக்கு முன்னால நின்னு படம் புடிக்க மெட்ராஸ்ல இருந்து வந்திருக்க. 'அந்நியன்' சினிமா எடுத்த பாறையையும் விட்டுவைக்கல. ஆனா ஒன் வயித்துக்குள்ள ஒரு படம் எடுக்கணும்னு டாக்டரு சொன்னா மட்டும் கசக்குது, என்ன?

ஒங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. மூணு மாசமா வெளிக்கிப் போற எடத்துல ரத்தம். நீயா மூலம்னு முடிவு கட்டி, துத்தி எலைய வதக்கித் தின்னுக்கிட்டுத் திரியுத. பெருங்குடல்ல கேமராக் குழாய் விட்டுப் பாக்கணும்னா, "ரோபோ வரட்டும் மாமா, அதுல பாத்துக்கிடுதேன்"னு சாக்கு. கம்ப்யூட்டர் படிச்ச பய, சரியாத்தான் சொல்லுவான்னு எம்பேத்திட்ட கேட்டேன். அவ டாக்டருக்குப் படிக்கா.

அவ சொல்லச் சொல்ல எனக்கு நம்ம பழைய வில்வண்டிதான் நெனப்பு வந்துச்சு. டாக்டரு இடது கைப் புடியில ரெண்டு சக்கரம். ஒண்ணு மேல கீழ, இன்னொண்ணு இடம் வலம். திருப்புனா உள்ள ஓடுத கம்பி இழுபட்டு நுனி தலையத் திருப்பும். அப்படியே தலக்கயிறு! ஆனா மாடு முன்னால நின்னு இழுக்கும். இந்தக் குழாயப் பின்னால நின்னுல்லா வலது கையால நெட்டித் தள்ளணும்? புளியரை எஸ் வளைவுல கயித்த வச்சு லாரியத் தள்ளுன கதைதான். கொடலு வளைஞ்சு கெடக்க எடத்துல தள்ளத் தள்ள நுனி நகராது. நடுவுல குழாய் வளையம் போட்டுக்கிடும். வலிக்கது அங்கனதான். கைப்பழக்கம் உள்ளவரு கொஞ்சம் பின்னால இழுத்து, முறுக்கி, வளையத்த நிமித்திட்டுப் பொறவு மேல போவாரு. நாள்பூரா இதச் செஞ்சு டாக்டர்மாருக்குப் பெருவிரலு கடுக்குமாம்.

அதுக்குத்தான் மோட்டார் வந்துச்சு. நெதர்லாந்துல ட்வென்ட பல்கலைக்கழகத்துக்காரங்க அந்தச் சக்கரங்கள மோட்டார வச்சுத் திருப்பி, ஒரு சின்னக் குச்சிய அசைச்சாலே நுனி திரும்புத மாதிரி செஞ்சு பாத்தாங்க. சிங்கப்பூர்க் கதை இன்னும் ருசி. 2004-ல லாரன்ஸ் ஹோங்கிற டாக்டரும் லூயி ஃபீங்கிற இஞ்சினீயரும் நண்டு தின்னுக்கிட்டு இருக்கையில, கூட இருந்த ஹாங்காங் சர்ஜன் சிட்னி சங், குழாய் நுனியில நண்டு மாதிரி ரெண்டு கை வச்சா என்னன்னு கேட்டாராம். வச்சுட்டாங்க! ஒண்ணு கவ்வும், ஒண்ணு சுட்டு அறுக்கும். நாம நண்டு தின்னா பல்லுக் குத்துததோட சரி. இந்தியாவுலயும் ஹாங்காங்லயுமா 5 பேருக்கு, இரைப்பையில ஆரம்பக் கட்டத்துல இருந்த கட்டிய வயித்தக் கீறாமலே சீவி எடுத்து, 2012-ல மருத்துவப் பத்திரிகையில போட்டாங்க. நம்ம ஐதராபாத் நாகேஸ்வர ரெட்டி டாக்டரும் அதுல உண்டு.

கேட்டியா, அப்பவும் குழாய உள்ள கொண்டுபோனது ஒரு டாக்டரு கை. தள்ளி உக்காந்து நண்டுக் கைய ஆட்டுனது இன்னொரு டாக்டரு கை. ரோபோ தானா நடந்து போயி ஒன் கொடலப் பாத்துட்டு வந்து சேதி சொல்லும்னு நெனச்சிருந்தா, நீ படிச்ச காலேஜ்ல ஒங்கப்பன் பீஸத் திருப்பிக் கேக்கலாம்.

ரத்தம் மூலத்துலயும் வரும், கட்டியிலயும் வரும். எதுன்னு பாத்துச் சொல்ல துத்தி எலைக்குக் கண்ணு கெடையாதுல்லா? சின்ன முளையா இருக்கையில கண்டா, அதே குழாய் வழியா சுருக்குக் கம்பியப் போட்டு அறுத்து எடுத்துருவாங்களாம்.

அதனால வியாழக்கிழமை தென்காசிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். புதன்கிழமை பார்டர் பரோட்டா கெடையாது, சொல்லிட்டேன். சாயங்காலம் பேதி மருந்தக் கலக்கிச் செம்பு செம்பாத் தருவேன். ராத்திரி ஒன் வயித்துலதான் ஐந்தருவி. அந்தத் தண்ணியக் குடிக்கதுக்கு மட்டும் இன்னும் எந்த ஊருலயும் ரோபோ வரல மருமவனே.