தீவாருக்குச் சத்தம் எதற்கு?

தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மடிக்கணினி கொடுப்பதென்றால் முதலில் பிடிக்க வேண்டிய ஆள் சவுண்ட் சேர்விஸ்காரர்தான். அவர் இல்லாமல் இந்த மண்ணில் எந்தத் தானமும் செல்லாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் அவருடைய கூம்பு ஒலிபெருக்கிகளும் அம்பிளிபயரும் ஜெனரேற்றரும் படகேறும். பின்னால் மாலைக் கூடை, பொன்னாடைப் பொதி, குத்துவிளக்கு. கடைசியாக, ஓர் ஓரத்தில், மடிக்கணினிகள்.

விழா குறையில்லாமல் நடக்கும். பிரதம விருந்தினர் பேசுவார், சிறப்பு விருந்தினர் பேசுவார், கௌரவ விருந்தினர் "நேரத்தின் அருமை கருதி" என்று தொடங்கி முக்கால் மணித்தியாலம் பேசுவார். தீவகம் டிஜிற்றல் யுகத்துக்குள் காலடி வைத்துவிட்டது என்ற செய்தி அடுத்த தீவுக்கும் கேட்கும். பெட்டியை ஒரு பிள்ளை ஒரு கையால் பிடிக்க, எட்டுப் பெரியவர்கள் பதினாறு கைகளால் பிடித்துப் படம் எடுப்பார்கள். பிறகு எல்லாரும் கடைசிப் படகுக்கு ஓடுவார்கள்.

மறுநாள் முதலாம் பாடம். ஆங்கில ரீச்சர் கேட்டல் பயிற்சிக்கான ஒலிக்கோப்பைப் போடுகிறார். திரையில் பச்சைக் கோடு துள்ளுகிறது. ஒலியளவு நூறு வீதம். பெட்டியில் மூச்சுப் பேச்சில்லை.  நாற்பது பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

இனித் தொடங்கும் குற்றம் சுமத்தும் படலம். பட்டினத்துக் கடைக்காரருக்குப் பதில் ஆயத்தம்: "உது லினக்ஸ் தம்பி, உதுக்குச் சத்தம் வராது. காசைத் தாங்கோ, விண்டோஸ் போட்டுத்தாறன்." அவர் போடுகிற விண்டோஸை அவரும் காசு கொடுத்து வாங்கவில்லை என்பது வேறு கதை. கல்வி அலுவலகத்துக்கு எடுத்தால், "பாவனையாளர் பிழையா இருக்கும், கடிதம் ஒண்டு தாங்கோ" என்பார்கள். கடலுக்கு அப்பாலிருந்து அனுப்பியவர் வாட்ஸ்அப்பில் எழுதுவார்: "இஞ்ச வடிவா வேலை செய்ததே!" எல்லாரும் சேர்ந்து கடைசியில் உப்புக்காற்றின் தலையில் போட்டு வழக்கை முடிப்பார்கள். உப்புக்காற்று மறுத்துப் பேசாது.

தீவுப் பள்ளிக்கூடத்துக்கு லினக்ஸ் என்ற இந்த இலவச இயங்குதளம் ஏன் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை வெளிநாட்டு அலுவலகங்களில் ஒரே நாளில் குப்பையாகின. புலம்பெயர்ந்த எங்கள் சனத்துக்குக் குப்பையில் போட மனம் வராது. அது நல்ல குணம். நல்லாய் இருக்கிற கணினியை லினக்ஸ் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்பதும் உண்மை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கழித்த பழைய கணினிகள்தான் பெரும்பாலும் வாய் திறந்து கதைக்கின்றன. இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய புத்தம் புதிய மெல்லிசு மொடல்கள்தான் ஊமையாகி நிற்கின்றன.

இதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. பழைய மடிக்கணினிகளில் ரியல்ரெக் போன்ற ஒரு கொடெக் சிப் நேரே ஸ்பீக்கரை ஓட்டியது. லினக்ஸில் ஒலியைக் கவனிக்கிற அல்சா 1998இல் தொடங்கிய வேலை. லினக்ஸின் கருவான கேர்னல் 2003இல் 2.6ஆம் பதிப்புக்கு வந்ததோடு அல்சாவே நிலையான ஒலி அமைப்பாயிற்று. இந்தப் பழைய சிப்புகளை அது நன்றாக அறியும். அதற்கு மேலே 2004இல் பல்ஸ்ஓடியோ வந்தது. அது போய் இப்போது பைப்வயர்; 2021இல் பெடோரா என்ற லினக்ஸ் வகை அதை இயல்பாகவே தரத் தொடங்க, மற்றவையும் பின்னால் போயின. மேலே உட்காரும் ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் கீழே அல்சாதான் சுமக்கிறது.

புதிய மெல்லிசுக் கணினிகளில் சின்ன ஸ்பீக்கரிலிருந்து பெரிய சத்தம் எடுப்பதற்காக ஸ்மார்ட் அம்பிளிபயர் என்று தனிச் சிப் வைக்கிறார்கள். சிரஸ் லொஜிக் கம்பனியின் சி.எஸ்.35எல்.41 அப்படி ஒன்று. எந்தக் கம்பியில் எது தொங்குகிறது, ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்ற விவரம் ஒவ்வொரு மொடலுக்கும் தனித்தனியாக அதற்குச் சொல்லப்பட வேண்டும். சொல்லாவிட்டால் அது பேசாது, அல்லது தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசும். ஹெட்போனில் கேட்கும், ஸ்பீக்கரில் கேட்காது. இதில் சிப் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022 அளவில் லினக்ஸுக்கான ட்ரைவரை அவர்களுடைய பொறியியலாளர்களே எழுதிக் கொடுத்தார்கள். பல மடிக்கணினிகளைச் செய்தவர்கள்தான் பயாஸில் எழுத வேண்டிய அந்த நாலு வரியை எழுதவில்லை. விண்டோஸ் ட்ரைவருக்குள் எழுதி வைத்துவிட்டார்கள்; விற்பனைக்கு அது போதும். பிறகு கேர்னல் எழுதுகிறவர்கள், விடுபட்ட அந்த விவரங்களைப் பட்டியலாக்கி, மொடல் மொடலாகக் கேர்னலுக்குள்ளேயே சேர்த்துவருகிறார்கள். பணக்காரக் கம்பனி எழுதாமல் விட்ட வரியை முன்பின் தெரியாத ஒருவர் தன் கணினியைக் கிண்டிக் கண்டுபிடித்து அனுப்பிய பிறகுதான் அந்த மொடல் உலகெங்கும் வாய் திறக்கிறது. உங்கள் மொடல் பட்டியலில் வரும்வரை ரீச்சர் கத்திப் படிப்பிக்கட்டும்.

சரி, இது நோயின் ஒரு வகை. எங்கள் நெடுந்தீவுக்கே உரிய இன்னொரு வகை உண்டு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் ஆத்திரம் ஆறும்.

இன்ரெல் வழி ஒலிச் சிப்புகளுக்கான லினக்ஸ் ட்ரைவரில் பவர் சேவ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இத்தனை செக்கன் சத்தம் இல்லாவிட்டால் சிப்பைத் தூங்கவிடு என்பது கட்டளை. பல கணினிகளில் சுவர்க் கரண்டில் இருக்கும்போது தூக்கம் இல்லை, பற்றரிக்குப் போனதும் ஒரு செக்கனில் தூக்கம். சில சிப்புகள் தூங்கி எழும்ப நேரம் எடுக்கும். "டக்" என்றொரு சத்தம், பிறகு முதல் எழுத்தை விழுங்கிவிட்டுத்தான் வாய் திறக்கும். "வணக்கம்" என்பது "ணக்கம்" ஆகும். கண் தெரியாத ஒரு பிள்ளைக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும்போது ஒவ்வொரு வரியின் தலையும் வெட்டுப்படும்.

இந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு காலைப் படகேறுங்கள். ஒரு மணித்தியாலம் கடல். காற்று எழும்பினால் கூட. குறிகட்டுவானில் பஸ். புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம். பட்டினத்துக் கடையில் பெடியன் ஒருவன் வாங்கி, வயரைச் சுவரில் செருகி, ஒரு பாட்டுப் போடுவான். தேனாகப் பாடும். "இதில ஒரு பிழையும் இல்லையே அண்ணை." ஏன் பிழை இருக்கும்? சுவரில் கரண்ட் இருக்கிறதே! பார்த்த கூலியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், இங்கே கரண்ட் நின்றிருக்கும், கணினி பற்றரியில் ஓடும், வணக்கம் மறுபடியும் ணக்கம். பவர் சேவின் மதிப்பைச் சைபர் ஆக்கி ஒரு வரி எழுதி வைத்தால் தீருகிற வருத்தத்துக்கு ஒரு நாள், இரண்டு படகு, இரண்டு பஸ்.

அந்தக் கரண்டின் கதையைக் கேட்டால் ஸ்பீக்கர் எவ்வளவோ நேர்மையானது என்று தோன்றும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திரத்தை நம்பி வாழ்ந்த தீவுகள். காற்றும் வெயிலும் கொட்டிக்கிடக்கிற இடத்துக்குப் பீப்பாயில் டீசல் ஏற்றி வந்தார்கள். காற்றாலையும் சூரியக் கலமும் போடும் திட்டத்தை 2021 ஜனவரியில் அமைச்சரவை ஒரு சீனக் கூட்டுக் கம்பனிக்குக் கொடுத்தது. தங்கள் கரைக்கு இவ்வளவு கிட்டச் சீனமா என்று இந்தியா குரல் கொடுத்தது. அந்தக் குரல் கொழும்பில் மிகத் துல்லியமாகக் கேட்டது. அதற்கு எந்த ட்ரைவரும் தேவைப்படவில்லை. சீனம் விலகியது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூர்க் கம்பனி ஒன்றோடு, இந்திய நன்கொடையில், மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 2,230 கிலோவாற்றுக்கு இன்னொரு ஒப்பந்தம். முதல் முடிவுக்கும் கடைசிக் கையெழுத்துக்கும் இடையில் மூன்று வருடம். இரண்டு வல்லரசுகள் எங்கள் பல்பைப் பற்றிப் பேசின. பல்புக்குக் கீழே இருந்தவர்களிடம் பேசவில்லை.

மறுபடி கணினிக்கு வருவோம். லினக்ஸ் ஒலி அமைப்பில் டமி அவுட்புட் என்று ஒன்று வரும். உண்மையான ஒலிக்கருவி எதையும் கண்டுபிடிக்க முடியாதபோது கணினி காட்டுகிற பெயர் அது. புதிய இன்ரெல் கணினிகளில் பெரும்பாலும் சவுண்ட் ஓப்பின் பேம்வெயார் என்ற பொதியைப் போடாததால் வருகிற வினை. பொதியைப் போட்டு மறுபடி இயக்கினால் தீரும். தீரும்வரை பாட்டு ஓடும், கோடு துள்ளும், ஒலியளவைக் கூட்டலாம் குறைக்கலாம், சத்தம் எங்கேயும் போகாது. எங்கள் ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் இருந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று இன்னும் நிற்கிறது. தூதனுப்ப வளர்த்த புறாக்கள் என்பார்கள். புறா திரும்பி வராவிட்டால் செய்தி சேரவில்லை என்றாவது தெரிந்திருக்கும்.

டமி அவுட்புட்டைவிட ஓட்டோ மியூட் கெட்டிக்காரன். ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் தானாக வாயை மூடும். நல்ல ஏற்பாடுதான். துளைக்குள் இருக்கிற தகடு துருவேறி ஒட்டிக்கொண்டாலோ, செருகியதைக் கண்டறியும் சிப் பிழையாக வாசித்தாலோ, ஒன்றும் செருகாதபோதும் செருகியிருக்கிறது என்றே கணினி நம்பும். யாரோ ஒருவர் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில் ஊருக்கு மௌனம். ரெர்மினலில் அல்சாமிக்சரைத் திறந்து, ஓட்டோ மியூட் மோடை நிறுத்திவிட்டால் கணினி கதைக்கும். "உங்கள் குறை மேலிடத்தின் காதுக்குப் போய்விட்டது" என்று சொல்லி எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்கிறவர்களுக்கு அப்படி ஒரு திரை இல்லை.

பொதுக்காசில் வாங்குகிற கணினிகளின் கேள்விப் பத்திரத்தைப் பாருங்கள். நினைவகம் எவ்வளவு, சேமிப்பகம் எவ்வளவு, பை உண்டா, பையின் நிறம் என்ன என்பது வரை இருக்கும். ஸ்பீக்கர் என்ற இடத்தில் "உள்ளமைந்தது" என்று இருக்கும். உள்ளே இருக்கிறதா? இருக்கிறது. சரி போடு. பேசுமா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கேட்டால் நடக்காத காரியமும் இல்லை. கேரளத்தில் அரசுப் பாடசாலைகள் இருபது வருடமளவாக லினக்ஸில் ஓடுகின்றன. பத்தாம் வகுப்புக் கணினிப் பரீட்சையே அதில்தான். கைற் என்ற அரசு நிறுவனம் 2019இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கென்று தன் லினக்ஸின் புதிய பதிப்பை வெளியிட்டது. அவ்வளவு கணினி வாங்குகிறவன் கேள்வி கேட்டால் விற்கிறவன் எழும்பி நின்று பதில் சொல்வான். அங்கே மலையாளப் பிள்ளைக்குச் சத்தம் வரும். இங்கே எங்கள் பிள்ளைக்கு வராது. நடுவில் கிடக்கிற கடல் அவ்வளவு அகலம் இல்லை.

"ஹெட்போன் போட்டுக் கேளுங்கோவன்" என்று ஒரு பெரியவர் ஆலோசனை சொல்வார். நாற்பது பிள்ளைக்கு ஒரு ஹெட்போன். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் பாடவேளை முடிந்துவிடும். அவருடைய பிள்ளை படிக்கிற பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்கு இதே ஆலோசனையைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிற எங்கள் சனத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கணினி வாங்க முன்னர், ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கோ. கணினியில் ஒன்றையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கலாம். வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியில், ஸ்பீக்கரில் ஒரு பாட்டுப் போடுங்கோ. பிறகு மூடியைச் சாத்தித் திறந்து இன்னொருக்காப் போடுங்கோ. சத்தம் வராவிட்டால் காசைக் கொடுக்காதேங்கோ. சவுண்ட் சேர்விஸுக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கின காசு மிச்சம் இருந்தால், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலிருந்து செருகுகிற ஒரு யு.எஸ்.பி. ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்கோ. அதற்குத் தனி ட்ரைவரும் வேண்டாம், பிரதம விருந்தினரும் வேண்டாம்.