ஸ்கூபா துணியும் துன்ப அழியாமை விதியும்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒன்றை இன்னொன்றாக மாற்றத்தான் முடியும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். இதே விதி உடுப்புக்கும் பொருந்தும் என்பதை இயற்பியலார் கவனிக்காமல் விட்டது வியப்புக்குரியது. ஓர் உடைக்கென்று விதிக்கப்பட்ட மொத்தத் துன்பம் மாறாதது. தைக்கும்போது படுவது, துவைத்துத் தேய்க்கும்போது படுவது, உடுத்தியிருக்கும்போது படுவது என்று அது ஆள் மாறுமே தவிர அளவு குறையாது. இதை ஐயம் திரிபற நிறுவ ஸ்கூபாவைவிடத் தோதான துணி கிடையாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

எது ஸ்கூபா என்பதை முதலில் வரையறுத்துவிடுவோம். ஆழ்கடலில் மூழ்குபவர் அணிவது நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர். 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பிறந்தது. அதன் நுரைத்தாளில் முங்குடை தைக்கலாம் என்று 1950களின் தொடக்கத்தில் வழிகாட்டியவர் ஹியூ பிராட்னர். அதற்கு முன்பு அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். நமது விதியை அவரே கண்டுபிடித்திருக்கலாம், குண்டு வேலையில் ஒழியவில்லை போலும். துணிக்கடையில் ஸ்கூபா என்று மீட்டர் கணக்கில் வெட்டித் தருவதோ வேறு சரக்கு. அதில் ரப்பர் இருக்காது. பெரும்பங்கு பாலியஸ்டர், இழுவைக்குக் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ், அவ்வளவுதான். முன்னது 1941இல் வின்ஃபீல்டும் டிக்சனும் இங்கிலாந்தில் கண்டது. பின்னது 1958இல் ஜோசப் ஷிவர்ஸ், மறுபடியும் டூபாண்டில். இரண்டு வரிசை ஊசிகள் எதிரெதிரே நின்று பின்னுவதால் துணிக்கு இரண்டு பக்கமும் முகம், முதுகே கிடையாது. திருப்பூர்க்காரர்களிடம் 'இன்டர்லாக் மாதிரி' என்றால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

நாகரிக உலகம் இதை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது என்பதற்கு வரலாற்றுக் காரணம் தேடி அலைய வேண்டாம். பலென்சியாகாவுக்காக நிக்கோலா கெஸ்கியேர் 2003 வசந்தகால வரிசையில் முங்குடைச் சாயலை மேடையேற்றினார் என்பதோடு அந்த அத்தியாயத்தை முடித்துக்கொள்ளலாம். உண்மைக் காரணம் துணியிலேயே இருக்கிறது. ஸ்கூபாவில் தைத்த குடைப் பாவாடையை நாற்காலி மேல் வைத்தால் அது சரிந்து படுக்காது, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் விறைப்பாக இருக்கும். கசங்காது. உடம்பின் மேடுபள்ளத்தை அப்படியே ஒப்பிக்காமல், கொஞ்சம் திருத்திச் சொல்லும். வேறெந்தத் துணிக்கும் இந்தத் தாட்சண்யம் கிடையாது.

இனித் தையற்காண்டம். இங்கேதான் துன்பம் வெளியேறத் தொடங்குகிறது. வெட்டிய ஓரத்தில் பிசிறு வராது, நூல் பிரியாது. ஓவர்லாக் அடிக்காமல், ஓரம் மடிக்காமல், வெட்டியது வெட்டியபடியே விட்டுவிடலாம். டார்ட் பிடிப்பதைக்கூடப் பாதி இடங்களில் ஸ்பான்டெக்ஸே பார்த்துக்கொள்ளும். இது குறித்துத் தையற்கடையொன்றில் நடந்த உரையாடலைத் தரவாகக் கொள்வோம்.

"இதுக்கு ஓவர்லாக் வேண்டாமாண்ணா?"

"வேண்டாம்மா. வெட்டுன எடத்துல அப்படியே நிக்கும்."

"கீழ மடிச்சு அடிக்கவும் வேண்டாமா?"

"மடிச்சா மொத்தமாத் தெரியும்மா. அப்படியே விட்டாத்தான் அழகு."

"அப்ப கூலியில கொஞ்சம் கொறைச்சுக்கலாமே?"

"ஊசி மாத்தணுமேம்மா."

துன்பம் குறைந்தாலும் கூலி குறையாது என்பது இதிலிருந்து பெறப்படும் துணைவிதி. ஆயினும் ஊசியைப் பற்றி அவர் சொன்னதில் சூது இல்லை. ரவிக்கை தைக்கும் கூர் ஊசியை ஸ்கூபாவில் இறக்கினால் நாலு தையல் விழும், ஐந்தாவது விட்டுப்போகும். அடர்த்தியான இழுவைத் துணி ஊசியைக் கவ்விக்கொண்டு, ஊசி மேலேறும்போது தானும் எழும்பிவிடுகிறது. அடியில் நூல் வளையம் விரியாததால் மெஷின் கொக்கி வெறுங்கையோடு திரும்புகிறது. இழைகளைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும் உருண்டை முனை ஊசியோ ஸ்ட்ரெட்ச் ஊசியோ போட்டால் தீர்ந்தது. நேர்த்தையல் மட்டும் கூடாது. துணி இழுபடும், நூல் இழுபடாது. உடுத்தியவர் பந்தியில் உட்காரும் நேரம் பார்த்து அது தெறிக்கும். மெல்லிய ஜிக்ஜாக்தான் இதற்குச் சரி. குண்டூசிக்குப் பதில் கிளிப் மாட்டுவதே உத்தமம். தேய்ப்பதானால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்க்க வேண்டும். நேரடியாக வைத்தால் பெட்டி பட்ட இடம் மட்டும் பளபளவென்று மின்னும், பிறகு அதை எவராலும் மங்கவைக்க முடியாது.

ஆக, தையல்காரருக்கு ஓர் ஊசியளவு துன்பம், சலவைக்காரருக்கு அனேகமாக ஒன்றுமில்லை. மீதி எங்கே போயிற்று?

அது மண்டபத்துக்குப் போயிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளந்தால் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம். வியர்வையைப் பொறுத்தவரை இது அதன் பிரச்சினையே அல்ல என்பது பாலியஸ்டரின் நிலைப்பாடு. அதையும் இருமுகமாக, சதுர மீட்டருக்கு 250, 300 கிராம் கனத்தில் நெருக்கிப் பின்னி, உடம்போடு ஒட்டத் தைத்து, சென்னையில் மே மாத வரவேற்புக்குப் போட்டுக்கொண்டு போனால் நடப்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். களத்தில் கண்டதும் அதுவே. ஸ்கூபா கவுன் அணிந்தவர்கள் மணமக்களைச் சுற்றிக் கூடுவதில்லை, ஏசியைச் சுற்றிக் கூடுகிறார்கள். முகம் படத்துக்குச் சிரிக்கிறது, முதுகில் ஆறு ஓடுகிறது. வெளியே அதன் சுவடே தெரியாது, துணி அவ்வளவு நாசூக்கு. பார்க்கிறவர்கள் 'எவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கே' என்று வேறு சொல்கிறார்கள்.

இங்கே ஒரு தடை எழலாம். துன்பம் மாறாதது என்றால் பருத்திச் சேலையில் அது எங்கே? கஞ்சியில் இருக்கிறது, கொடியில் இருக்கிறது, தேய்ப்பதில் இருக்கிறது, கொசுவம் பிடிக்க உதவிக்கு ஆள் கூப்பிடுவதில் இருக்கிறது. கட்டி முடித்தபின் காற்று உள்ளே வரும். அங்கே முன்பணம், இங்கே தவணை. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. குளிரூரில் ஸ்கூபா சுகம்தானே என்பது இரண்டாவது தடை. சுகம்தான். டிசம்பர் லண்டனில் இதே துணி சூட்டைப் பிடித்துவைக்கும் புண்ணியவான். ஆனால் அதற்குமேல் ஒரு கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் கவுனையே யாரும் பார்ப்பதில்லை. விதி அங்கேயும் வசூலித்துவிடுகிறது.

முடிபு இது: ஸ்கூபா தைப்பவருக்கு வரம், பார்ப்பவருக்கு விருந்து, உடுப்பவருக்குத் தவம். தவம் செய்ய விரும்புவோரை இந்த ஆய்வு தடுக்கவில்லை. தைக்கக் கொடுக்கும் முன் மண்டபத்தில் ஏசி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அங்கே இருக்காது.