பேஸைக் கொஞ்சம் குறைங்க சார்

கம்ப்யூட்டருக்கு 2.1 ஸ்பீக்கர் வடிவமைத்த புண்ணியவான் வீட்டில் மேசையே கிடையாது என்று நினைக்கிறேன். குட்டி ஸ்பீக்கர்கள் இரண்டும் மேசைமேல். பேஸ் தருகிற சப்வூஃபர் பெட்டி மேசைக்கு அடியில். பேஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு அந்தப் பெட்டிக்கும் பின்னால்! குப்புறப் படுத்து, ஒயர்களுக்கு நடுவே கையை விட்டுத் திருகவேண்டும். தரையில் கேட்கிற பேஸ் வேறு, எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்கிற பேஸ் வேறு. அதனால் எங்கள் வீட்டில் பையன் படுத்துக்கொள்வான்; நான் நாற்காலியிலிருந்து "போதும், போதும்" என்பேன். சமையலறையிலிருந்து "இன்னும் குறைடா" என்று தீர்ப்பு வரும். பேஸ் ஏறினால் அங்கே எவர்சில்வர் டம்ளர்கள் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

மிருதங்க வித்வான்கள் விவரமானவர்கள். பேஸ் தருகிற தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பி, வேண்டிய கனம் வந்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். கச்சேரி முடிந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். மேடைக்கு அடியில் யாரும் படுக்கவேண்டியதில்லை.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் பேஸின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். எங்கள் ஹாலே அவ்வளவு நீளமில்லை. கால் நீட்ட இடமில்லாத விருந்தாளி கீழ் வீட்டுக்குப் போய்விடுகிறார். பாட்டின் வார்த்தைகளையும் வயலினையும் தடுத்துவிடுகிற சுவரும் தரையும் இவரை மட்டும் தடுப்பதில்லை.

கீழ் வீட்டு மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். லிஃப்டில் பார்த்தால், "நேத்து ராத்திரி இளையராஜாதானே சார்? ரெண்டாவது சரணத்துல நிறுத்திட்டீங்களே" என்பார். ராஜாவின் பேஸ் கிட்டார் தனியாகவே ஒரு மெட்டுப் பாடும். அதை வைத்துப் பிடித்துவிடுகிறார். இப்போதைய பாட்டு என்றால், "வீட்ல மாவு மிஷின் வாங்கியிருக்கீங்களா?"

ராத்திரி சத்தத்தைக் குறைத்தால் பையன் பேஸைக் கூட்டுகிறான். திட்டவும் வழியில்லை. சத்தம் குறையக் குறைய மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலிதான் சீக்கிரம் மங்கும் என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அமெரிக்காவில் அளந்து காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' பொத்தான் வைத்ததே அதற்காகத்தான். அந்த இருவரும் எங்கள் மாமாவை ஒரு வார்த்தை கலந்துகொண்டிருக்கலாம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸைப் பார்த்து மயங்கவேண்டாம், அது கண நேர உச்சக் கணக்கு; தொடர்ந்து தரும் சக்தியான ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். பேஸ் திருகு முன்பக்கமோ ரிமோட்டிலோ இருக்கிறதா என்று பாருங்கள். சப்வூஃபரைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள். திருகைத் தொடாமலே பேஸ் ஊதிவிடும். மூலையைவிட்டு இரண்டடி தள்ளி, அடியில் தடித்த ரப்பர் போட்டு வையுங்கள். முக்கியமாக, கீழ் வீட்டுக்காரருக்கு யார் பாட்டுப் பிடிக்கும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.