வாய் திறவாக் குழந்தையும் வாய் மூடா உறவினரும்

இரண்டு வயதைக் கடந்தும் பேசத் தொடங்காத குழந்தையின் பெற்றோருக்கு ஆறுதல் கூறும் கலை, தமிழ்க் குடும்பங்களில் தனித்துறையாகப் பிரித்துப் பட்டம் வழங்கத்தக்க அளவுக்கு வளர்ந்துவிட்டது. இத்துறையில் உழைப்போரை ஆறுதலாளர் எனக் குறிக்கலாம். எவரும் கேளாமலே கருத்துரைப்பவர், உரைத்த கருத்துக்குப் பின்னர் பொறுப்பேற்காதவர், உரைக்கும்போது பெரும்பாலும் எதையேனும் மென்றுகொண்டிருப்பவர் என்பது அதற்கு இங்குத் தரப்படும் வரையறை. ஆறுதலாளர் காட்டும் சான்றுகளைக் குடும்பச் சான்று, மருந்துச் சான்று, உலகச் சான்று என மூவகையாகப் பகுத்து ஆராய்ந்து, பெற்றோரிடம் உண்மையில் என்ன சொல்ல வேண்டும் என்பதை இறுதியில் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடும்பச் சான்றின் செம்மையான வடிவம், "இவங்க அப்பனும் மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கலை, இப்ப யாரையாவது பேச விடுறானா?" என்பதாகும். ஒரே மூச்சில் குழந்தைக்கு நற்சான்றும் தந்தைக்கு வசையும் வழங்கும் இச்சிக்கனம் பாராட்டத்தக்கது. ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்பது இதன் கிளை. ஆண், பெண் குழந்தைகளுக்கிடையே சராசரியில் வேறுபாடு உண்டு என்பது மெய்யே ஆயினும் அது சில மாதங்களுக்குள் அடங்குவது, ஆறுதலாளர் தாராளமாக அள்ளி வழங்கும் ஆண்டுகளுக்கு அதில் இடமில்லை. தென் மாவட்டங்களில் இதனுடன் சேனை விசாரணையும் நடைபெறும். பிறந்த குழந்தையின் நாவில் சீனித் தண்ணீரை முதன்முதலாகத் தொட்டு வைப்பது சேனை எனப்படும். வைத்தவரின் குணம் குழந்தைக்கு வந்து சேரும் என்பது நம்பிக்கை. எனவே குழந்தை பேசத் தாமதித்தால் சேனை வைத்தவர் யார் என்ற கேள்வி எழுவதும், அது தவறாமல் சம்பந்தி வீட்டைச் சேர்ந்த ஒரு சித்தியில் போய் முடிவதும், "அவ வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கறவளாச்சே" என்ற தீர்ப்பு அவ்விடத்திலேயே எழுதப்படுவதும் வழக்கம்.

மருந்துச் சான்றைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. பிள்ளை வளர்ப்பான் என்ற சிறப்புப் பெயரை உடைய வசம்பைச் சுட்டு உரசி நாவில் தடவினால் பேச்சு வரும் என்பர். வாயைத் திறக்க வேண்டிய குழந்தை அந்தக் கைப்பைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்வதே நடைமுறையில் காணப்படும் விளைவு. வசம்பு எண்ணெயில் உள்ள அசரோன் என்ற பொருளின் பொருட்டு அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது என்று சொன்னால், "அவனுக்கு என்ன தெரியும்?" என்ற விடை வரும்.

அதே அமெரிக்காவில் குடியேறி மறைந்த ஒருவரை மட்டும் ஆறுதலாளர் முழுமையாக நம்புகிறார். உலகச் சான்று என்பது ஐன்ஸ்டீனே. அண்மையில் நடைபெற்ற ஒரு காதுகுத்து விழாவின் பந்தியில் இச்சான்று பயிலப்பட்ட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. விழா நாயகனாகிய சிறுவனுக்கு இரண்டே கால் வயது. சுட்டிக்காட்டுவான், கையைப் பிடித்து இழுப்பான், சொல் என்று எதுவும் வருவதில்லை. சாம்பார் பரிமாறப்பட்டபோது, ஐன்ஸ்டீன் மூன்று வயது வரை பேசவில்லை என்று ஒரு பெரியவர் அறிவித்தார். வத்தக்குழம்பு வந்தபோது அது நான்காயிற்று. ரசத்தில் ஐந்து. அப்பளம் நொறுங்கிய இடைவெளியில் அவர் எடிசனாக மாறி மின்விளக்கைக் கண்டுபிடித்துவிட்டு, மோருக்குள் மீண்டும் ஐன்ஸ்டீனாகித் திரும்பியபோது வயது ஏழு. பாயசம் இரண்டாம் முறை வந்திருந்தால் அவர் நோபல் பரிசை வாங்கிய பிறகே முதற்சொல்லை உதிர்த்திருப்பார். இவற்றையெல்லாம் கணக்கிட்டுக்கொண்டிருந்த கட்டுரையாளரின் இலையில் அந்தப் பாயசம் முதன்முறையும் விழவில்லை என்பது ஆய்வுக்குத் தொடர்பற்றதாயினும் பதிவு செய்யப்பட வேண்டியது.

சான்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஐன்ஸ்டீன் பிறந்தது 1879 மார்ச் 14. அவருடைய தங்கை மாயா பிறந்தது 1881 நவம்பர் 18. அன்று அண்ணனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். விளையாடுவதற்கு ஒன்று வரப்போகிறது என்று சொல்லி வைத்திருந்ததால், கைக்குழந்தையைக் கண்டதும், இதற்குச் சக்கரங்கள் எங்கே என்று அவர் கேட்டதாகத் தங்கையே பிற்காலத்தில் எழுதிய குடும்ப நினைவுகளில் பதிவு செய்துள்ளார். வாக்குறுதியை நினைவில் வைத்திருந்து, வந்த பொருளை அதனோடு ஒப்பிட்டு, குறையைக் கண்டுபிடித்து, அதை வினா வடிவில் முறையிடும் குழந்தை பேசாத குழந்தை என்றால், நுகர்வோர் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் அனைவரும் பேசாதவரே. பேசத் தொடங்கியபோது தமக்கு மூன்று வயதுக்குக் குறையாமல் ஆகியிருக்கும் என்று ஐன்ஸ்டீனே 1954இல் ஒரு கடிதத்தில் எழுதினார் என்பதும் உண்மையே. தங்கைக்கும் அண்ணனுக்கும் இடையிலான இம்முரண்பாட்டை இங்குத் தீர்த்துவைக்க இயலாது. ஆனால் அதே கடிதத்தில், பேச்சுத் தாமதத்தால் கவலையுற்ற பெற்றோர் மருத்துவரைக் கலந்தாலோசித்தனர் என்ற செய்தியும் உள்ளது. பந்தியில் ஐன்ஸ்டீன் பரிமாறப்படும்போது இந்தப் பகுதி மட்டும் பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது.

குமரகுருபரருக்கும் இதுவே நேர்ந்தது. ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூரில் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடியவர் என்று மரபு போற்றும் அவரை, எல்லாம் தானாக வரும் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஆறுதலாளர் கூறுகின்றனர். அவருடைய பெற்றோர் ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஆண்பிள்ளைதானே என்று வெற்றிலை மென்றுகொண்டிருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் சென்று நோன்பிருந்தனர். 17ஆம் நூற்றாண்டில் தமக்குத் தெரிந்த மிகப் பெரிய வைத்தியரிடம் அவர்கள் போனார்கள் என்பதே அக்கதை.

இரண்டு வயதளவில் ஏறத்தாழ ஐம்பது சொற்களும், "பால் வேணும்", "அப்பா போ" போன்ற இருசொல் இணைப்புகளும் எதிர்பார்க்கப்படுகின்றன. பாலை எப்போதும் "ங்கா" என்றே கேட்டால் அதுவும் ஒரு சொல்லாகவே கொள்ளப்படும். இவ்வளவை எட்டாத குழந்தைகளுள் கணிசமானோர் பின்னர் ஈடுகட்டிவிடுகின்றனர் என்பதால் ஆறுதலாளர் முற்றிலும் பொய்யர் அல்லர். எந்தக் குழந்தை ஈடுகட்டும் என்பதை இலைக்கு எதிரே அமர்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே சிக்கல். சொல்வதைப் புரிந்துகொள்கிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்பவையும் சேர்த்து நோக்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னதாகக் காது கேட்கிறதா என்பது சோதிக்கப்படுகிறது. செவியில் சிறு அடைப்பானை வைத்து ஒலியைச் செலுத்தி, உட்செவி திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியைப் பதிவு செய்யும் இச்சோதனை ஊசியின்றிச் சில நிமிடங்களில் முடிவது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் அமைந்த தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இத்தகைய குழந்தைகளைப் பார்ப்பதற்கென்றே உள்ளன.

இதற்கு மாற்றாக விழாவில் நிகழ்த்தப்பட்டது டம்ளர் சோதனை. தாய்மாமன் சிறுவனின் பின்னால் பதுங்கிச் சென்று எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினார், சிறுவன் திரும்பினான், காது பாம்புக்காது என்று சான்றளிக்கப்பட்டது. டம்ளர் ஓசை கேட்கும் குழந்தைக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காதிருக்கலாம் என்பதும், சளி முற்றிச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தாலே கேட்கும் திறன் குறையும் என்பதும், பின்னால் வந்த மாமனின் நிழலுக்கேகூட அவன் திரும்பியிருக்கலாம் என்பதும் அங்கு எடுபடவில்லை. ஒரு நாள் முழுவதும் அச்சிறுவனின் காதுக்காகவே மண்டபம் பிடிக்கப்பட்டிருந்தது. காது மடலுக்கு ஆசாரி வந்தார், மாமன் மடி வந்தது, தட்டுத் தட்டாகச் சீர்வரிசை வந்தது, மொய் எழுத ஒருவர் நோட்டோடு அமர்ந்திருந்தார். மடலிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. சோதனைக்கு அடுத்த வாரம் நாள் வாங்கியிருப்பதாகத் தாய் தணிந்த குரலில் சொன்னபோது, "நல்லா இருக்கற புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையாதே" என்ற அறிவுரை மூன்று திசைகளிலிருந்து வந்தது. மாமன் சிறுவனைச் சமாதானப்படுத்தத் தம் கைப்பேசியை அவன் கையில் கொடுத்திருந்தார்.

பெற்றோரிடம் உண்மையில் சொல்ல வேண்டியது என்ன என்பதற்கு இனி வர வேண்டும். அதற்கு முன் ஆறுதலாளரின் வசதி ஒன்றைக் குறிப்பிடாமல் இருப்பதற்கில்லை: அவர் தோற்பதே இல்லை. சிறுவன் பேசிவிட்டால், அன்றைக்கே சொன்னேனே என்று தொலைபேசியில் வருவார். பேசாவிட்டால் அவரைத் தேடிப் பிடிக்க இயலாது. அதற்குள் அவர் வேறோர் ஊரில், வேறொரு காதுகுத்தில், முதற் பந்தியில் அமர்ந்துவிட்டிருப்பார், அங்கே சாம்பாருக்கே ஐன்ஸ்டீனுக்கு வயது எட்டு.