நகைத்தொழிலோர் மரபியல்

இவ்வாராய்ச்சி என் நுதலிற்றோ எனின், தனியே மேடையேறி மைக்கைப் பிடித்து ஊரைச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடியன்கள் தங்களுக்குள் காட்டிக்கொள்ளும் மரியாதைகளை உணர்த்துதல் நுதலிற்று. நகைத்தொழிலோர் என்றது பொற்கொல்லரை அன்று. அவர்களுக்குச் செய்கூலியும் உண்டு, சேதாரமும் உண்டு. இவர்களுக்குப் பெரும்பாலும் சேதாரம் மட்டுமே.

நிலம், தரைக்குக் கீழே ஓர் அறை. நியூயார்க்கின் மக்டூகல் தெருவில் 1982இல் தொடங்கிய காமெடி செல்லார் காண்க. பொழுது, முன்னிரவும் யாமமும். கருப்பொருள், ஸ்டூலும் தண்ணீர் பாட்டிலும் செங்கல் சுவரும். உரிப்பொருள், தன் முறைக்குக் காத்திருத்தல்.

முதல் மரியாதை விளக்குக்கு. நேரம் முடியப்போகிறது என்பதற்கு அறையின் பின்பக்கம் ஒரு சிறு விளக்கு எரியும். கண்டதும் முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். பட்டிமன்றத்தில் நடுவர் மணியடித்த பிறகு "ஒரே ஒரு கருத்து" என்று நாம் மூன்று கருத்து சொல்வது அங்கே செல்லாது. ஆனால் பெரிய பெயர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால், பட்டியலில் இருப்பவர் வழிவிட்டாக வேண்டும். அவர்கள் பாஷையில் அது 'பம்ப்'. நம் கோயில்களில் அதுவே வி.ஐ.பி. தரிசனம்.

அடுத்தது களவியல். தொல்காப்பியத்தில் களவுக்குப் பின் கற்பு வரும். இங்கே ஒருமுறை களவு நடந்தால் கற்பு திரும்பி வராது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் சொன்ன விதத்தைத்தான் காக்கும், சொன்ன கருத்தைக் காக்காது. மாமியார் ஜோக்கை நாத்தனார் ஜோக்காக்கியவன் தப்பிவிடலாம். ஆகவே கோர்ட்டுக்குப் போவது அபூர்வம். டோட்டன் ஒலியார், கிறிஸ்டோபர் ஸ்ப்ரிக்மன் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் காமெடியன்களைப் பேட்டி கண்டு 2008இல் வர்ஜீனியா லா ரிவ்யூவில் எழுதியிருக்கிறார்கள். (அது அசல் ஆய்வு, போலி இதுதான்.) அவர்கள் கண்டது நம்மூர்ப் பஞ்சாயத்தேதான்: திருடியவன் பெயரை நாறடிப்பது, அவனோடு ஒரே மேடையில் ஏற மறுப்பது. 2007இல் லாஸ் ஏஞ்சல்ஸின் காமெடி ஸ்டோரில் காமெடியன் ஜோ ரோகன், சக காமெடியன் கார்லோஸ் மென்சியாவை மேடையிலேயே வைத்துக் களவுக் குற்றம் சாட்டினார். மென்சியா மறுத்தார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது.

அதே ஆய்வில் இன்னொரு விதியும் உண்டு. விஷயத்தை எடுத்தவருக்கே ஜோக் சொந்தம். அதற்குப் பஞ்ச்லைன் கொடுத்தவர் கொடுத்ததோடு மறந்துவிட வேண்டும். மொய் மாதிரிதான். திரும்பி வரலாம், வாய்விட்டுக் கேட்கக் கூடாது.

இனி நகை. எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது எள்ளல் முதலிய நான்கால் பிறக்கும் என்றார். அந்த நான்கும் சேர்ந்து வந்தாலும் தொழிலோர் சிரிப்பதில்லை. களஆய்வுக்காகச் சென்னையில் ஒரு காபிக் கடை மாடிக்கு ஓப்பன் மைக் பார்க்கப் போயிருந்தேன். பார்வையாளர் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்த காமெடியன்கள். மேடையில் ஒரு பையன், அப்பாவுக்கு யு.பி.ஐ. சொல்லிக்கொடுத்த கதையைச் சொன்னான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவர் மட்டும், எல்.ஐ.சி. பாலிசியைப் படிப்பவர் முகத்தோடு, "நல்லா இருக்கு" என்றார். பையன் இறங்கியதும் அவரே படிக்கட்டுக்கு அழைத்துப்போய், காதோடு, "ப்ரோ, அந்த ஓ.டி.பி. இடத்துல ஒரு டேக் இருக்கு, வேணுமா?" என்றார். டேக் என்பது பஞ்ச்லைனுக்குப் பின் ஒட்டும் இன்னொரு பஞ்ச்லைன். பையன் முகத்தில் பத்மஸ்ரீ வாங்கிய களை. சிரிக்காமையே உயர்ந்த மரியாதை என்பது இதனால் பெறப்பட்டது.

மரபு வழுவியது கடைசியில்தான். தன் ஐந்து நிமிடம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் பையை மாட்டிக்கொண்டு நழுவினார்கள். பட்டியலில் கடைசிப் பெயர் ஒரு பெண்ணுடையது. அவர் மைக்கைப் பிடித்தபோது கேட்க இருந்தது நானும், நாற்காலி அடுக்க வந்த கடைப் பையனும். ஐந்து நிமிடத்தையும் ஒரு வரி குறைக்காமல் முடித்தார். நீங்கள் ஓப்பன் மைக்குக்குப் போனால், தயவுசெய்து கடைசிப் பெயர் வரை உட்காருங்கள். சிரித்தாலும் தப்பில்லை.