வாத்துக்கு வந்த யோகம்

மத்திய ஆப்பிரிக்காவில், சாட் நாட்டின் நடுவே ஃபித்ரி என்றொரு ஏரி. அதன் கரையில் யாவோ என்ற ஊரில் இன்றும் ஒரு சுல்தான் இருக்கிறார். அவருடைய மக்கள் பிலாலாக்கள், முஸ்லிம்கள். வரலாற்று நூல்களில் இவர்களைத் தேடுகிறவர் அதிகம் அலைய வேண்டியதில்லை. வேறு யாரோ ஒரு மாமன்னரின் அத்தியாயத்தில், அவரிடம் அடிவாங்கும் இடத்தில் கிடைப்பார்கள்.

இவர்கள் செய்த குற்றம் என்ன? 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், கானெம் நாட்டை ஆண்ட சைஃபாவா வம்சத்து அரசர்களை அடுத்தடுத்துப் போரில் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்களைத் தலைநகர் நிஜிமியிலிருந்து துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்கள் சும்மா இருந்தார்களா? சாட் ஏரிக்கு மேற்கே போய், ஏற்கெனவே அங்கே குடியிருந்த சாவோ மக்களை அடித்து நொறுக்கிப் போர்னு ராஜ்யத்தை நிலைநாட்டினார்கள். பிலாலா செய்தால் ஆக்கிரமிப்பு, சைஃபாவா செய்தால் பேரரசு. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது வரலாற்றாசிரியர்களுக்கும் தெரிந்த நியாயம்தான் போலிருக்கிறது. அப்புறம் பிலாலாக்கள், நடுவில் போர்னுவுக்குப் பணிந்தும் எதிர்த்தும், 17ஆம் நூற்றாண்டு வரை கானெமில் ஆட்சி நடத்தினார்கள். இரண்டரை நூற்றாண்டு ஆண்டும் ‘வந்தேறி’ப் பட்டம் போகவில்லை. எத்தனை நாள் ஆண்டால் அது போகும் என்று யாராவது ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தால் புண்ணியம்.

பட்டம் போகாததற்குக் காரணம் எளிது. எழுதுகிறவர் எதிரியின் சம்பளத்தில் இருந்தார். போர்னு மன்னர் இத்ரிஸ் அலோமாவின் தலைமை இமாம் அகமது இபின் ஃபர்துவா, 1578இல் கானெம் போர்களைப் பற்றி ஒரு நூலே எழுதிவைத்தார். எசமான் குதிரை ஏறியது, துப்பாக்கிக்காரர்களை முன்னால் நிறுத்தியது, ஊர்களைக் கொளுத்தியது, கானெம் மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்து மேற்கே கொண்டுபோனது எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே பக்தி. எதிரே நிற்கிறவனும் ஐந்து வேளை தொழுகிறவன் என்பது இமாமுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரு தரப்புக்கும் நடுவே திருக்குர்ஆன் மேல் ஆணையிட்டு எல்லை வகுத்துக்கொண்ட கதையையும் அவரேதான் சொல்கிறார். ஆனால் எல்லாம் தெரிந்தவருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டுமே.

இதே போர்னு அரண்மனையிலிருந்துதான் 1391 வாக்கில் எகிப்தின் மம்லூக் சுல்தான் பர்கூக்குக்கு ஒரு கடிதம் போனது. அராபியக் கூட்டத்தார் எங்கள் முஸ்லிம் குடிகளைக் கொள்ளையடிக்கிறார்கள், பிடித்து அடிமைகளாக விற்கிறார்கள், உங்கள் சந்தைகளில் தேடி மீட்டுக் கொடுங்கள் என்று கண்ணீர் விட்ட கடிதம். நியாயமான கண்ணீர். இரு நூற்றாண்டுக்குள் அதே அரண்மனை, முஸ்லிம் ஊர்களில் தான் வைத்த தீயைப் பக்திச் செயலாக எழுதிவைக்க ஆள் வைத்திருந்தது. அடி வாங்கும்போது வந்த மார்க்க ஞானம், அடிக்கும்போது விடுப்பில் போய்விட்டது.

சரி, அது அந்தக் காலம் என்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பயணி ஹைன்ரிஷ் பார்த் போர்னுவில் இமாம் எழுதிய போர் நூலின் கையெழுத்து நகலை வாங்கினார். 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அதிகாரி பால்மர் அந்த நூலை ஆங்கிலமாக்கி அச்சேற்றினார். ஒரு சாம்ராஜ்யத்தின் அவைக் குறிப்பை இன்னொரு சாம்ராஜ்யத்தின் அதிகாரி மொழிபெயர்க்க, அது உலகம் முழுவதும் ஆதாரமாயிற்று. உலகத்தாருக்குப் பிலாலாக்கள் அறிமுகமானது பெரும்பாலும் இந்தக் குற்றப்பத்திரிகையின் வழியாகத்தான்.

அதற்குள் பிலாலாக்கள், துஞ்சூர் கூட்டத்தாரிடம் கானெமை இழந்து, ஃபித்ரிக் கரையில் கூக்கா மக்களோடு ஒன்றி, அவர்களுடைய மொழியையே தம் மொழியாக்கிக்கொண்டு, கிழக்கே இருந்த வதாய் அரசுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு நாகரிகம் வந்தது. 1900இல் கூசெரிப் போரில் ரபீஹ் என்ற படையெடுப்பாளரைப் பிரெஞ்சுக்காரர்கள் கொன்றார்கள். அதே போரில் செத்த தங்கள் தளபதி லாமியின் பெயரைத் தலைநகருக்குச் சூட்டினார்கள். 1917இல் அபெஷே நகரில் மார்க்க அறிஞர்களையும் பெரியவர்களையும் வெட்டுக்கத்தியால் வெட்டிச் சாய்த்தது அவர்களுடைய படை. நாகரிகத்துக்குத் தோட்டாச் செலவு கூட வைக்கவில்லை.

1984-85 பஞ்சத்தில் ஃபித்ரி ஏரி வறண்டது. அப்போது நாட்டை ஆண்டவர் இசேன் ஆப்ரே. தலைநகரில் பிரெஞ்சுக் காலத்து நீச்சல்குளம் ஒன்று இருந்தது. அதை கான்கிரீட் போட்டு மூடி, அடியில் அறைகள் தடுத்து, ரகசியப் போலீஸ் சிறையாக்கினார் அந்த மகராசன். வறண்ட நாட்டில் இருந்த குளத்துக்கு அவர் கண்ட உபயோகம் அது. லிபியாவுக்கு எதிராக ஆள் வேண்டுமே! அமெரிக்காவும் பிரான்சும் அவருக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தன. 1987இல் வெள்ளை மாளிகையில் ரீகன் வரவேற்றார்.

1990இல் அதே ஆட்சி, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஃபித்ரி ஏரியும் சுற்றுப்புறமுமாக ஏறத்தாழ 1,95,000 ஹெக்டேர் உலக முக்கியத்துவம் பெற்றது. ஐரோப்பியப் பனிக்குத் தப்பி வரும் வாத்துக்கு இனி சர்வதேசச் சட்டம் துணை. வாத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அது யாரையும் நீச்சல்குளத்தின் அடியில் பூட்டிவைக்கவில்லை. அதே கரையில் மீன் பிடிக்கிற, வெள்ளம் வடிந்த ஈரத்தில் சோளம் நடுகிற மனிதனை அதே போலீஸ் தூக்கிப்போனால் எந்த ஒப்பந்தத்தைக் காட்டுவது என்று மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த டிசம்பரில் ஆப்ரே ஓடிப்போனார். அவர் ஆட்சியில் செத்தவர்கள் சுமார் 40,000 என்று விசாரணை ஆணையம் மதிப்பிட்டது.

2001இல் மனித உரிமை ஆய்வாளர்கள், கைவிடப்பட்ட அந்த ரகசியப் போலீஸின் தலைமையகத்துக்குள் நுழைந்தபோது, தரையெங்கும் காகிதம். கைதிகளின் பெயர், விசாரணைக் குறிப்பு, மரணச் சான்று என ஆயிரக்கணக்கில். எண்ணிப் பார்த்ததில் 12,321 பேர் பெயர். அதில் 1,208 பேர் செத்தவர்கள். அந்த நாட்டில் சாமானிய மனிதனைப் பற்றி, பெயர் சொல்லி, தேதி போட்டு, சிரத்தையாக எழுதிவைத்த அலுவலகம் அது ஒன்றுதான்.