தோற்றவன் ஏன் எழுந்து போவதில்லை? புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஒரு சாக்கியல் ஆய்வு

ஜெயித்தவன் ஏன் மறுபடியும் ஆடுகிறான் என்று விளக்க ஆய்வாளர் தேவையில்லை. டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தோற்றவன் ஏன் எழுந்து வீட்டுக்குப் போகாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் சிக்கல். கணக்கைப் பாருங்கள். ஃப்ரீ ஃபயர் ஆட்டத்தில் 50 பேர் இறங்குகிறார்கள். தனித்தனியாக ஆடினால் 49 பேர் தோற்றே ஆகவேண்டும். பப்ஜியில் 100 பேர். 99 பேருக்குத் தோல்வி நிச்சயம். ஆக, வீடியோ கேம் தொழில் என்பது தோல்வியை மொத்தமாக உற்பத்தி செய்து சில்லறையாக விற்கும் தொழில். சரக்கு இவ்வளவு மட்டமாக இருந்தும் வாடிக்கையாளர் கடைவாசலை விட்டு நகர்வதில்லை. மளிகைக் கடைக்காரர் யாரும் இப்படி ஒரு பாக்கியத்தைக் கனவில்கூடக் கண்டதில்லை.

இந்த ஆய்வின் பரப்பு விராலிமலையிலிருந்து மணமேல்குடி வரை, பொன்னமராவதியிலிருந்து கந்தர்வகோட்டை வரை. 1974-இல் மாவட்டம் உருவானபோது அறந்தாங்கிப் பக்கம் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தது என்பதால், பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பிள்ளைகளையும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று முதலில் எண்ணியிருந்தேன். தோற்றபின் பேசும் பேச்சில் இரு சாராருக்கும் இம்மியளவும் வேறுபாடு தென்படாததால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

முன்னோர் ஆய்வுகளைத் தொட்டுக்காட்டுவது மரபு. அமெரிக்கரான தாமஸ் மலோன் 1980-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்து, சவால், கற்பனை, அறியும் ஆவல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆட்டம் இனிக்கும் என்றார். மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் (பெயரை உச்சரிப்பதே முதல் லெவல்) 1990-இல் எழுதிய நூலில், வேலை மிக எளிதாக இருந்தால் சலிப்பு, மிகக் கடினமாக இருந்தால் பதற்றம், இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் நுழைந்தவனுக்கு நேரம் போவதே தெரியாது என்று காட்டினார். டென்மார்க்கின் ஜெஸ்பர் யூல் 2013-இல் தோல்விக்கென்றே தனி நூல் எழுதினார்: தோற்பது யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் தோற்கவைக்கும் ஆட்டங்களைத் தேடித்தேடிப் போகிறோம், இது என்ன முரண் என்று கேட்டார். மூவருமே பெரியவர்கள். மூவருமே கீரனூரைத் தாண்டி இந்தப் பக்கம் வராததால் ஒரு முக்கியமான பொருள் அவர்கள் கண்ணில் படாமல் போயிற்று. அதற்குச் சாக்கு என்று பெயர்.

களச் சான்றை அப்படியே தருகிறேன். ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நடக்கும் நாடக மேடை. மற்ற நாளெல்லாம் சும்மா கிடப்பது. அதன் கீழ்க்கோடி மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும் என்பதால் நான்கு பையன்கள் அந்த மூலையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் போனில் கண்ணாடி கீறல் விட்டு, அதன்மேல் செலோ டேப் ஒட்டியிருந்தது. அவர்களைச் சுற்றிப் போன் இல்லாத பொடிசுகள், தோளுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு.

"டேய், பின்னாடி வாரான்டா! வீட்டுக்குள்ள போ, வீட்டுக்குள்ள போ!"

"போறேன்டா, நகர மாட்டேங்குது."

"நாக் ஆயிட்டேன். வந்து ரிவைவ் பண்ணு."

"இந்தா வாரேன்... ப்ச். நானும் காலி."

நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரையின் மேல்மூலையைப் பார்த்தார்கள். அங்கே பிங் என்னும் எண் சிவப்பில் நின்றது. அதாவது போனிலிருந்து புறப்பட்ட கட்டளை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்ற கணக்கு. இரண்டு இலக்கத்தில் இருந்தால் நிம்மதி. மூன்று இலக்கத்தில் ஏற ஏறப் பிள்ளையின் விரல் அசைந்த பிறகு திரையில் ஆள் அசைவான். "999 காட்டுதுடா. இதுல எவன் ஆடுவான்?" என்றான் டேப் ஒட்டிய போன்காரன். மேடைப்படியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "ஏன்டா தம்பி, அவன் சுட்டப்ப அது பச்சையாத்தானடா இருந்துச்சு?" யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த மேட்ச் தொடங்கிவிட்டது.

இந்தக் காட்சியிலிருந்து பிறந்ததே நம் கருதுகோள். நல்ல வீடியோ கேம் தோற்றவனுக்கு இரண்டு பொருள்களை ஒருசேரத் தருகிறது. ஒன்று, தப்பு நம்முடையதுதான், அந்த மதிலுக்கு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் பிழைத்திருப்போம் என்று உள்ளுக்குள் ஓர் உறுதி. மற்றொன்று, தப்பு நம்முடையது இல்லை என்று வெளியே சொல்ல ஒரு சாக்கு. முதலாவது மட்டும் இருந்தால் மானம் போகும். பையன் போனை வைத்துவிட்டுக் கபடி ஆடப் போய்விடுவான். இரண்டாவது மட்டும் இருந்தால் தேறவே வழியில்லை என்று வெறுத்துவிடுவான். இரண்டும் சேரும்போதுதான் "இன்னொரு மேட்ச்" என்ற முடிவு பிறக்கிறது. இதைப் புதுக்கோட்டை விதி என்று அழைக்க முன்மொழிகிறேன்.

வரலாற்றிலும் இவ்விதி பொய்க்கவில்லை. டிவியில் செருகி ஆடிய கேசட் காலத்தில் படம் கோடுகோடாக வந்தால் கேசட்டின் அடிப்பக்கத்தை வாயால் ஊதுவோம். தூசி போனதோ இல்லையோ, தோல்வி போயிற்று. காண்ட்ரா என்ற ஆட்டத்தில் ஒரு குண்டு பட்டாலே ஓர் உயிர் போகும். "பட்டன் அமுங்கலடா" என்றால் போன உயிருக்குக் கணக்கு நேராகிவிடும். பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபில் ஜான் ரொமேரோ 1988-இல் செய்த டேஞ்சரஸ் டேவ் ஓடியது. அங்கே மவுஸ், கீபோர்டு, பக்கத்து சீட்டுக்காரன் முழங்கை என்று சாக்குக்குப் பஞ்சமே இல்லை. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது சாக்கும் அதோடு இலவசமாக வந்தது: சார்ஜ் நிற்காது.

ஆட்டக்காரனுக்குத் தெரியாமல் ஆட்டமே செய்யும் உதவிகளும் உண்டு. பப்ஜி போன்றவற்றில் புதிதாகச் சேர்ந்தவன் முதல் சில ஆட்டங்களில் சுட்டுத்தள்ளும் எதிரிகளில் பலர் ஆளே இல்லை. பாட் என்று சொல்லும் கணினிப் பொம்மைகள். பிள்ளை அதை உலகத்தையே வென்றதாக எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகு நிஜ மனிதர்களிடம் அடி வாங்கும்போது, முன்பு ஜெயித்தவன்தானே நான் என்ற நினைப்பு அவனை எழுந்து போக விடுவதில்லை.

இனி இசை பற்றி. இதில் நம் மாவட்டத்துக்கு உலகளாவிய உரிமை உண்டென்று கருதுகிறேன். குடுமியான்மலைக் குன்றில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பிரிவுகளில், சுரங்களை நான்கு நான்காகச் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். 1978-இல் ஜப்பானில் டொமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பின்னணியாக ஒலிப்பதும் நான்கே நான்கு சுரங்கள், திரும்பத் திரும்ப. ஜப்பானியர் குடுமியான்மலைக்கு வந்து போனார்கள் என்று நிறுவ ஆதாரம் போதவில்லை. வரவில்லை என்று நிறுவவும் போதவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. திரையில் எதிரிகள் நிறைய இருக்கும்போது அந்தக் காலத்து எந்திரம் திணறி மெதுவாக ஓடும். சுடச்சுட எண்ணிக்கை குறைந்து வேகம் கூடும், நான்கு சுரமும் கூடவே துரிதமாகும். எந்திரத்தின் பலவீனமாக வந்ததை நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். நன்றாக ஆடுகிறவனுக்கு அவன் ஆட்டமே எமனாகிறது. ஆடத் தெரியாதவனுக்கோ எதிரிகள் மெதுவாகவே வருகிறார்கள். இவ்வளவு தர்மமான ஏற்பாட்டை எந்தப் பஞ்சாயத்தும் செய்ததில்லை.

நாணயவியல் சான்றையும் விட்டுவிட மனமில்லை. சமஸ்தானத்துக்கென்று அம்மன் காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு இதையும் தானமாகக் கொடுப்பார்கள். 20 காசு ஓர் அணா. 1985-இல் வந்த சூப்பர் மாரியோவில் 100 காசு சேர்த்தால் ஓர் உயிர் கூடும். எனவே புதுக்கோட்டைக் கணக்கில் ஓர் உயிரின் விலை ஐந்து அணா. சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு சேர்ந்ததும் அம்மன் காசு செல்லாமல் போயிற்று. மாரியோ காசு எந்தக் காலத்திலும் எந்தக் கடையிலும் செல்லாததால்தான் இன்றுவரை அதன் மதிப்பு குறையவில்லை. செல்லுகிற காசை வைத்து ஆடும் ரம்மி முதலானவற்றை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. பணம் போன வீட்டில் சாக்கு எடுபடாது. அவற்றைத் தடுக்கத் தமிழக அரசு இயற்றிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்ததும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் சட்டம் செய்ததும் சரியே என்பது என் கட்சி.

வாடிவாசலைப் பேசாமல் புதுக்கோட்டையில் ஆட்டம் பற்றி எழுதினால் ஊருக்குள் நடமாட முடியாது. தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடப்பது கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில். திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும்; வாலையோ கொம்பையோ தொட்டால் செல்லாது. குறித்த தூரமோ மூன்று துள்ளலோ தொங்கினால் வெற்றி. விட்டுவிட்டவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்போது என்ன சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேளுங்கள். மாட்டு முதுகில் எண்ணெய் தடவிவிட்டார்கள். தென்னை நார்க்கழிவு சரியாகப் பரப்பவில்லை, கால் வழுக்கிற்று. பின்னாலிருந்து எவனோ பனியனைப் பிடித்து இழுத்துவிட்டான். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மாடு அவிழ்த்துவிடப்படுகிறது. தோல்விக்கும் மறுவாய்ப்புக்கும் இடையில் யோசிக்க நேரமே கொடுக்காத இந்த ஏற்பாட்டைத்தான் வியட்நாமின் டோங் நுயென் 2013-இல் ஃப்ளாப்பி பேர்டில் செய்தார். பறவை குழாயில் முட்டும், தொட்டால் மறுபடி பறக்கும். ஆட்கள் அதிலேயே கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் 2014 பிப்ரவரியில் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். வாடிவாசலுக்கு அப்படி ஒரு மனசாட்சிக்காரர் வாய்க்கவில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தும், 2017-இல் மெரினாவில் உட்கார்ந்து திரும்ப வாங்கிவிட்டோம்.

எதிர்வாதம் ஒன்றைச் சந்தித்தாக வேண்டும். டெட்ரிஸில் சாக்கு ஏது, அது தனியாக ஆடுவதுதானே என்பார்கள். கேள்வி நியாயமானது. 1989-இல் வந்த நின்டென்டோ டெட்ரிஸை 2023 டிசம்பரில்தான் ஒரு மனிதர் கடைசிவரை ஆடினார். அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன், 157-ஆவது லெவலில். அவர் ஜெயித்ததற்கு அடையாளம், திரை அப்படியே உறைந்து நின்றது. நாடக மேடைப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் எங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்றார்கள். டெட்ரிஸ்காரருக்கு வேண்டிய நீண்ட கட்டை வராமலே போவதும் பிங் மாதிரிதான் என்று சொல்லி எதிர்வாதத்தை முடித்துக்கொள்கிறேன்.

தாய்மார் தரப்பு தனி ஆய்வுக்குரியது. கேசட்டில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மாரியோ அந்தரத்தில் நிற்பார்; சாப்பிட்டுவிட்டு வரலாம். இப்போது "தம்பி, சோறு ஆறுதுடா, நிப்பாட்டிட்டு வா" என்றால், "நிப்பாட்ட முடியாதும்மா, ஆன்லைனு" என்று பதில் வருகிறது. இது பொய்யில்லை. எங்கெங்கோ இருக்கும் ஐம்பது பேரின் ஆட்டத்தை ஆலங்குடி ரசம் ஆறுவதற்காக நிறுத்த முடியாது. மத்திய அரசாலும் முழுதாக முடியவில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடுத்தது. அது வேறு பெயரில் வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடுத்தது. அதன் அண்ணன் மேக்ஸ் கடையிலேயே நின்றுகொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு நஷ்டம் என்று ஒன்றுமில்லை, பழைய ஐடியில் இருந்த டைமண்ட் என்னும் ஆட்டக்காசெல்லாம் போய்விட்டதென்று சொல்லிக்கொள்ள இன்னொரு சாக்கு கிடைத்தது.

இவ்வளவு சான்றுகளின் பலத்தில், கிராமப்புறங்களில் சிக்னலை அளவுக்கு மீறி மேம்படுத்தினால் இளைஞர்கள் சாக்கற்றுப் போய் மனமுடைவார்கள் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு பரிந்துரை தயாரித்திருந்தேன். அனுப்புவதற்கு முன் கடைசிக் களச் சோதனை. அந்த நால்வரில் ஒருவன் வீட்டுக்கு ஃபைபர் வந்திருந்தது. பிங் 30-க்குள், அப்பழுக்கில்லாத பச்சை. வைஃபைப் பெட்டிக்கு அடியிலேயே உட்கார்ந்து ஆடினான். இரண்டாவது நிமிடத்தில் செத்தான்.

"என்னப்பா, பச்சையாத்தானே இருக்கு?" என்றேன்.

"போனு சுடுதுண்ணே, தொட்டுப் பாருங்க," என்று என் கையில் வைத்தான். சுட்டது. பரிந்துரை திரும்பப் பெறப்படுகிறது.